மாதிரித் திட்டக்காரர்

வளரும் நாடுகளில் பரவலாகக் காணப்படும் இனங்களில் மாதிரித் திட்டக்காரர் என்பவர் ஒரு தனி இனம். மழை பெய்கிற நாடு, பெய்யாத நாடு என்ற பேதம் இவருக்குக் கிடையாது, எங்கும் விளைவார். அடையாளம் காண்பதும் எளிது. எந்த ஊர் மாநாட்டு மண்டபத்திலானாலும், மதியச் சாப்பாட்டு வாசனை உள்ளே வரத் தொடங்கிய பிறகு மேடையேறி, "எங்கள் அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்" என்று ஆரம்பிப்பவர் இவர்தான். அனுபவம் ஒன்றுதான். பகிர்வுகள் பல.

நாம் இங்கே பார்க்கப்போகிறவரின் அனுபவம் ஒரு கடலோரக் குடியிருப்பில் இருந்தது. உப்புத் தண்ணீரை வெயிலின் சக்தியால் குடிதண்ணீராக்கும் சிறிய நிலையம். திறப்பு விழாவன்று குழாயில் தண்ணீர் வந்தது, ஒரு பெண் குடம் பிடித்தாள், நம்மவர் பக்கத்தில் நின்று சிரித்தார், யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டியே அண்டை நாடுகள் அத்தனையையும் பார்த்துவிட்டார். படத்தில் தண்ணீர் எப்போதும் விழுந்துகொண்டிருந்தது. குடியிருப்பில் அந்த வருஷமே நின்றுபோனது.

நின்றது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதிகாரபூர்வமாகத் தெரியாது. நம்முடைய அலுவலகங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே விசாலமான இடம் இருக்கிறது. பலர் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இதில் ஒரு சின்னச் சங்கடம் என்னவென்றால், நிலையம் ஓடுவதாக மேலிடம் நம்பியதால், குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். குடத்தோடு பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். படத்தில் அது தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் அண்டை நாடுகளெல்லாம் கூடி, நிலைத்த வளர்ச்சிக்கென்று ஒரு கூட்டு அலுவலகம் திறக்க முடிவு செய்தன. இயக்குநர் வேண்டும். துறைச் செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் நம்மவருக்குத்தான். வீட்டில் ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன.

"என்னங்க, அந்த ஊர்ல குளிருமாமே. கம்பளி வாங்கட்டுமா?" என்றாள் மனைவி.

"இன்னும் முடிவாகலை."

"உங்க தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இனிமே கிடைக்கலைன்னா உங்களுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் வெளியில தலைகாட்ட முடியாது."

அப்போது வந்து சேர்ந்தார் விருந்தாளி. பக்கத்து நாட்டுப் பெண் பொறியாளர். ஏதோ ஒரு மண்டபத்தில் நம்மவரின் படத்தைப் பார்த்தவர். பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இந்த அம்மாள் மட்டும் ஊருக்குப் போய் ஒன்று கட்டிவிட்டார். அது ஓடியது. இன்னொன்று கட்டினார். இப்போது அவர்கள் கடற்கரை நெடுக அந்த நிலையங்கள்தான். ஒரு பேச்சைக் கேட்டு ஒருவர் காரியத்தில் இறங்கிவிடுவார் என்று யார்தான் எதிர்பார்க்க முடியும்? அப்படிப்பட்டவர்கள் மாநாடுகளுக்கு வருவதே ஆபத்து.

நன்றிக்கடனாக ஒரு பரிசும் கொண்டுவந்திருந்தார். அவர்களே செய்த புதுமாதிரி வடிகட்டி. வரவேற்புக் கூட்டத்தில் நம்மவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண் கலங்க, "இதை எங்கள் அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றுவோம்" என்று அறிவித்தார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள அது எதை சார் வடிகட்டும்?" என்றார் பொறியாளர். "உங்க நிலையத்துல நானே மாட்டிட்டுப் போறேன். ஸ்பானர் கொண்டுவந்திருக்கேன்."

கைப்பையைத் திறந்து காட்டினார். கைக்குட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று நம்மவர் செய்யாத முயற்சி இல்லை. விருந்தை நீட்டினார், அம்மாள் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். நாட்டின் வளர்ச்சி வரலாறு பற்றிய குறும்படத்தைப் போடச் சொன்னார். அம்மாள் அந்த இருட்டில் நன்றாகத் தூங்கி, இன்னும் தெம்பாக எழுந்தார். கடைசியாக நம்மவர் ஓட்டுநரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "ஏம்பா, அந்த ரோடு ரொம்ப மோசமாமே?" என்றார்.

"இல்லையே சார். இப்பதான் புதுசா போட்டாங்க. கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு. கண்ணுல தூசியா சார்?"

போனார்கள். செயலாளரும் கூடவே வந்தார். வழியெல்லாம் நம்மவர் கடவுளை வேண்டிக்கொண்டு வந்தார். என்ன வேண்டினார் என்று அவருக்கே தெளிவில்லை. திடீரென்று மோட்டார் ஓட வேண்டும் என்றா, அல்லது மொத்த நிலையமும் கடலுக்குள் போயிருக்க வேண்டும் என்றா? இரண்டாவது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது. இயற்கைப் பேரிடருக்கு யாரும் பொறுப்பில்லை.

நிலையம் இருந்த இடத்தில் இருந்தது. சோலார் பலகைகளின் மேல் துணி காய்ந்தது. குழாயில் ஓர் ஆடு கட்டியிருந்தது. ஆட்டுக்காரி நம்மவரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"அட, குடம் பிடிக்கச் சொன்ன சாரு! இன்னைக்கும் போட்டோவா? குடம் இருக்கு, தண்ணிதான் நீங்க கொண்டாரணும்."

செயலாளர் திரும்பிப் பார்த்தார். "நிலைத்த வளர்ச்சித் திட்டம்னு சொன்னீங்களே?"

"நல்லா நிலைச்சுத்தான் சார் நிக்குது" என்றாள் ஆட்டுக்காரி. "அசையவே மாட்டேங்குது."

பொறியாளர் ஸ்பானரை எடுத்துவிட்டார். ஆனால் திருகவில்லை. "சார், இது ஓடுதா, ஓடலையா?"

"ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது" என்றார் நம்மவர்.

"ஓடுதா?"

"தற்காலிகமாக ஓய்வில்…"

"சார், ஓடுற மெஷினை நான் பிரிக்க மாட்டேன். அதுவும் அடுத்த வீட்டு மெஷினை. ஓடலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே பிரிக்கிறேன்."

"அதான் நான் சொல்றேனே!" என்றாள் ஆட்டுக்காரி.

"நீங்க சொன்னா போதாதும்மா. ஓடுதுன்னு எங்க ஊர்ல வந்து சொன்னவர் அவர். அவர்தான் சொல்லணும்."

அதற்குள் குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். யாரும் நம்மவரின் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்கள். குழாயின் வாயைப் பார்ப்பது போல. அவருக்கு எவ்வளவோ வாக்கியங்கள் தெரியும். சவால்களை எதிர்கொண்டு வருகிறோம் என்பார், பாடங்களைக் கற்று வருகிறோம் என்பார், அடுத்த கட்டத்துக்கு நகர்கிறோம் என்பார். ஒவ்வொன்றும் மண்டபங்களில் சோதிக்கப்பட்டது, பழுதில்லாமல் ஓடக்கூடியது. இந்த ஒரு சொல்தான் தொண்டையில் நின்றது. செயலாளர் நிற்கிறார். இயக்குநர் நாற்காலி நிற்கிறது. தங்கை ஊரெல்லாம் சொல்லிவிட்டு நிற்கிறாள்.

"ஓடலை" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொறியாளர் மண்டியிட்டு உட்கார்ந்து திருக ஆரம்பித்தார்.

பழைய வடிகட்டி முழுக்க உப்பு. "எங்களுக்கும் இதேதான் அடைச்சுது" என்றார் பொறியாளர்.

"அப்படியா?" நம்மவருக்கு ஆறுதலாக இருந்தது. "அப்ப என்ன பண்ணீங்க?"

"அடைச்சிருக்குன்னு சொன்னோம்."

வெயில் சாய்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் குடங்களோடு முண்டியடித்தார்கள். ஆட்டுக்காரி ஒரு வாய் குடித்துப் பார்த்து, இன்னொரு வாய் குடித்தாள். நம்மவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது, ஆட்டுக்காரிக்குத் தன் செல்போன் எண்ணையே கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லி, அதனால் ஒன்று நடந்து, அதைக் கண்ணால் பார்ப்பது அவருக்கு உத்தியோகத்தில் இதுதான் முதல் தடவை. அந்த நிமிஷத்தில் அவர் வேறு ஆளாகியிருக்கலாம். நானும் நீங்களும் நம்பியிருப்போம்.

ஆனால் திரும்பி வரும்போது காரில் செயலாளர் கேட்டார். "ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

செயலாளர் யோசித்தார். கேட்டிருந்தால் அவருக்கும் அதிகாரபூர்வமாகத் தெரிந்துபோயிருக்கும். கேட்காத இடத்தில் சொல்லாமல் இருப்பவர் கூட்டு அலுவலகத்துக்கு எவ்வளவு பெரிய பலம்! அந்த வாரமே பரிந்துரை போனது. கம்பளி வாங்கினார்கள்.

இயக்குநரான பிறகு அவருடைய முதல் உரைக்குத் தலைப்பு, 'தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிவு'. எல்லா நாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பொறியாளர் முன்வரிசையில் இருந்தார். ஓடலை என்ற சொல்லைத் தான் சொன்ன விதத்தை நம்மவர் உருக்கமாக விவரித்தார். அந்த ஒரு சொல்லைப் பற்றி நெடுநேரம் பேசினார். நடுவில் அவருடைய செல்போன் அடித்தது. பார்த்தார். ஆட்டுக்காரி.

"மன்னிக்கணும். களத்திலிருந்தே அழைப்பு!" என்றார். மண்டபம் ஆரவாரித்தது. போனைக் காதில் வைத்தார்.

"சார், மறுபடி நின்னுபோச்சு. உப்பு அடைச்சிருக்கும் போல. யாரையாவது அனுப்புங்க சார்."

அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. சட்டையில் மைக் மாட்டியிருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் நம்மவர். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பொறியாளர் மட்டும் தட்டவில்லை. ஓடுகிற மெஷினைப் பற்றி யாரும் மெனக்கெட்டுப் போன் பண்ண மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, மற்றவர்கள் காலை மிதிக்காமல் வெளியே போனார். நம்மவர் அவர் போவதைப் பார்த்தார். பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நீங்கள் எந்த நாட்டுக்கும் பிரதிநிதி இல்லை, உங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடப் போவதுமில்லை. ஆனால் போன வாரம் கடைத்தெருவில் ஒருவர் உங்களை நிறுத்தினார் அல்லவா? நீங்கள் நாலு பேருக்குச் சொல்லி, ஆரவாரமாக ஆரம்பித்த அந்தக் காரியத்தைப் பற்றி, "அது என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். நீங்களும் சட்டென்று, முகம் மாறாமல், "போய்க்கிட்டிருக்கு" என்றீர்கள்.

எங்கே?