ஐந்து தரம் கோயிலுக்குள் வந்த மணமகள்

கொட்டாஞ்சேனை,
14.08.2007

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மருமகன் கிளெமென்ற் அவர்களுக்கு,

மாமன் சவுந்தரநாயகம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமி மாக்ரெட்டும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீங்களும் மகள் கொன்ஸ்ரன்சும் ரொறொன்ரோவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலைப் பூசையிலும் மாலைச் செபத்திலும் கேட்டுக்கொள்கிறோம். அங்கே இப்போது வெயில் காலம் என்று கேள்வி. இருந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம் என்று மாமி சொல்லச் சொன்னார்.

நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. மருமகனுக்கு எழுதும் முதல் கடிதத்தில் குறை சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதைக் குறையாக எடுக்காமல் ஒரு விபத்து அறிக்கையாக வாசிக்கவும். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து, கப்பலில் இருந்து இறக்கும்போது உடைந்த பெட்டிகளைப் பற்றி அறிக்கை எழுதியவன் நான். உடையாத பெட்டியைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை.

உங்கள் நண்பர் மக்கீன் போன மாதம் கொண்டுவந்து தந்த பார்சலில் கொம்பியூட்டரில் வயரால் மாட்டிப் படம் பார்க்கும் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது, செங்கல் அளவில். "முழுக் கலியாணமும் இதுக்குள்ள இருக்கு அங்கிள், நாலு மணித்தியாலம்" என்றார் அவர். எங்களுக்கு விசா மறுத்ததால் பெற்ற மகளின் கலியாணத்தை நாங்கள் டெலிபோனில்தான் கேட்டோம், அதிலும் பாதி இரைச்சல். மாமி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, இதைச் சனத்துக்குக் காட்டவேணும்" என்றார். சனம் என்று அவர் சொன்னது ஒரே ஒரு ஆளை, ஹெந்தளையில் இருக்கும் என் அக்கா புளோறன்சை. போனில் பேசி முடித்த சம்பந்தம் என்றும், மாப்பிள்ளையை நேரில் கண்டவர் குடும்பத்தில் ஒருவரும் இல்லை என்றும், கலியாணம் உண்மையிலேயே நடந்ததா என்று தனக்கு ஒரு சின்ன ஐயம் என்றும் அக்கா கோயில் வாசலில் நின்று ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருக்கிறார். கோபிக்க வேண்டாம் மருமகன். அக்கா என்னுடைய கலியாணத்தையே இன்னும் முழுதாக நம்பவில்லை.

எங்களிடம் கொம்பியூட்டர் கிடையாது. வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் ஜாபிர் ஒன்றை இரவல் தந்து, தானும் கூட வருவதாகச் சொன்னார். திறீவீலர் ஓட்டோவில் அவர் மடியில் கொம்பியூட்டர், என் மடியில் திரை, அதற்கு மேலே உங்கள் கறுப்புப் பெட்டி. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு ஆமிக்காரர் பெட்டியைத் தூக்கி, "மேக்கே மொனவத தியென்னே?" என்று, உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டார். பயத்தில் எனக்கு வந்த சிங்களம் இவ்வளவுதான்: "மகே துவகே மகுல, மஹத்தயா." என் மகளின் கலியாணம், ஐயா. "மகுல பெட்டியெத?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கலியாணம் பெட்டிக்குள்ளேயா என்று. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்தார், மேளம் கேட்குமென்று நினைத்தாரோ தெரியாது. பிறகு இருவரும் சிரித்துவிட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை முடிந்து முப்பத்தெட்டுப் பேர் எங்கள் ஹோலுக்குள் வந்து அடைந்தார்கள். கதிரை போதாமல் சன்னல் கட்டிலும் ஆட்கள். ஜாபிர் படத்தை ஓடவிட்டார். உங்கள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் கோயிலுக்குள் வந்தாள். மாமி அழத் தொடங்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா வந்து இறங்கினார். படத்தை நிறுத்தி, அவருக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, ஹெந்தளை பஸ்ஸில் அவர் பட்ட பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுத் திரும்பினால் திரை இருட்டு. ஜாபிர் தட்டினார், வெளிச்சம் வந்தது, கலியாணம் வரவில்லை. அப்படி ஒரு பெட்டியே தன்னிடம் இல்லை என்று கொம்பியூட்டர் எழுதிக் காட்டியது. ஜாபிர் வயரைக் கழற்றி மாட்டியதும் பெட்டி உயிர் பெற்றது. "விட்ட இடத்துல இருந்து போடவா அங்கிள்?" என்று அவர் கேட்க, அக்கா முந்திக்கொண்டு, "கலியாணத்தை இடையில இருந்து பாக்கிற வழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை" என்றார். ஆகவே கொன்ஸ்ரன்ஸ் இரண்டாம் தரம் கோயிலுக்குள் வந்தாள்.

இந்த முறை முதலாம் வேத வாசகம் வரை போனோம். பொரித்த பட்டிஸ் ஆறுகிறது என்று மாமி சொன்னதால் நிறுத்தினோம். முப்பத்தெட்டுப் பேர் பட்டிஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கை துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் இருட்டு, மறுபடியும் பெட்டி இல்லை. அதோடு எங்கள் வீட்டில் இருந்த எல்லாரும் எஞ்சினியர் ஆகிவிட்டார்கள். பாடகர் குழுத் தலைவர் றேமண்ட், வயர் லூஸ் என்று சொல்லி மேசைக்குக் கீழே படுத்து இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சூடு ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்ல, மேசை விசிறியைப் பெட்டிக்கு நேரே திருப்பினோம். அது அக்காவின் முக்காட்டைப் பறித்துக்கொண்டுபோய் மின்குமிழில் போட்டது. மாமி தீர்த்தப் போத்தலோடு வந்தார். ஜாபிர் பெட்டிக்கு மேலே குப்புற விழுந்து, "அல்லாவே, தண்ணி மட்டும் வேணாம் ஆன்ட்டி!" என்று கத்திய கத்து தெரு முனை வரை கேட்டிருக்கும்.

மூன்றாம் தரம் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கீழே இருந்து றேமண்ட், "சவுந்தரம், எனக்குக் கால் பிடிச்சிட்டுது" என்றார். படத்தை நிறுத்திவிட்டு அவரை இழுக்கப் பார்த்தால் ஆள் மேசைக் காலுக்கு இடையில் மாட்டுப்பட்டுப் போனார். நெற்றியில் வியர்வை வர இழுத்துக்கொண்டிருக்கும்போது திரை இருண்டது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில், "போச்சு!" என்று அலறினார்கள்.

அந்த அலறலுக்குத்தான் பொலிஸ் வந்தது. வாசலில் ஒரு கொன்ஸ்டபிள். "மொகத மே சத்தே?" என்ன இந்தச் சத்தம் என்றார். மகளுடைய கலியாணம் என்றேன். "மனமாலி கோ?" பெண் எங்கே என்றார். "கனடாவே" என்றேன். அவர் முகம் மாறியது. முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு தமிழ் வீட்டுக்குள் இவ்வளவு சனம், மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதே வேளையில் மேசைக்குக் கீழே இருந்து றேமண்ட் கையில் வயரோடு தவழ்ந்து வெளியே வந்தார். குண்டுப் பயம் உள்ள இந்தக் காலத்தில் அது எவ்வளவு பொருத்தமில்லாத காட்சி என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். கொன்ஸ்டபிளின் கை இடுப்புக்குப் போனது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள், மகளின் கலியாணத்துக்கு வந்த பாவத்துக்கு இந்தச் சனம் பொலிஸ் வாங்கில் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். மாமிதான் போனார். "வாடிவென்ட மல்லி, வாடிவென்ட" என்று தம்பி முறை கொண்டாடி உட்காரச் சொல்லி, ஒரு கையில் பட்டிஸ் தட்டையும் மறு கையில் சோடாவையும் திணித்தார். இரண்டு கையும் நிறைந்த மனிதர் வேறு எதைப் பிடிப்பது? உட்கார்ந்தார்.

அவருக்காக நாலாம் தரம் கொன்ஸ்ரன்ஸ் கோயிலுக்குள் வந்தாள். "லஸ்ஸனய்" என்று மெச்சினார். வடிவான பெண்ணாம். பட்டிஸ் முடிந்ததும் கடமை ஞாபகம் வந்து, படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் வாங்கிக் கொப்பியில் பதிந்தார். அதுவரை ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. திரை தானாக இருண்டது. ஜாபிர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினார்.

"அங்கிள்! பொட்டியில ஒரு பிழையும் இல்ல. கொம்பியூட்டர் தூங்குது! படம் ஓடக்குள்ள முழிச்சிருக்கும். நிப்பாட்டிட்டு பத்து நிமிசம் ஒருத்தரும் தொடாட்டி தூங்கிடும். தூங்கக்குள்ள பொட்டிக்குப் போற கரண்ட்டையும் விட்டுடும். முழிச்சாப் பொறகு பொட்டியைத் தெரியாதாம்!"

"பத்து நிமிசத்தில நித்திரையோ?" என்றார் அக்கா. "சவுந்தரம் மாதிரி."

ஜாபிர் உள்ளே போய், தூங்கும் நேரம் என்ற இடத்தில் 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றினார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்த இணைப்பை நிறுத்தலாம் என்று இன்னோரிடத்தில் ஒரு சரி அடையாளம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டார். அரை நிமிட வேலை. அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு இரண்டரை மணித்தியாலம். இனிமேல் யாருக்காவது பெட்டி அனுப்பினால் இந்த இரண்டு விசயத்தையும் ஒரு துண்டில் எழுதி மேலே ஒட்டி அனுப்பவும்.

ஐந்தாம் தரம் ஓடவிட்டோம். இப்போது மேளம் எங்கே வரும், உங்கள் பெரியப்பா எங்கே இடறுவார் என்பதெல்லாம் எல்லாருக்கும் பாடம். அதனால்தானோ என்னவோ, நாலு தரமும் காணாத ஒன்று என் கண்ணில் பட்டது. முன் வாங்கில் இரண்டு இடத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். ஒன்றில் 'அப்பா', மற்றதில் 'அம்மா' என்று கொன்ஸ்ரன்சின் கையெழுத்தில் இரண்டு மட்டை. மாமியும் கண்டார். என் கையைப் பிடித்தார். பாதர் உங்களிடம் சம்மதமா என்று கேட்டபோது உங்களுக்குக் குரல் வரவில்லை, மருமகன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் தொண்டையைச் செருமினீர்கள். கொன்ஸ்ரன்ஸ் மெல்ல உங்கள் முழங்கையில் இடித்தாள். பிறகுதான், "ஓம், சம்மதம்" என்றீர்கள். கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "மகுல இவரத?" என்று என்னிடம் கேட்டார். கலியாணம் முடிந்ததா? முடிந்தது ஐயா என்றேன். அதைச் சொல்ல நானும் இரண்டு தரம் செருமவேண்டியிருந்தது.

அக்கா மூக்கைச் சீறிவிட்டு எழும்பி, "நல்ல பெடியன். அழுகிற பெடியன் பொய் சொல்லமாட்டான்" என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் கேட்கச் சொன்னார். குடும்பத்தில் உங்கள் கலியாணம் சட்டப்படி பதிவானது அந்த நிமிடத்தில்தான்.

ஆகவே மருமகன், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் பெட்டி இனி வேண்டாம். எங்கள் வயதுக்கும் இந்த ஊருக்கும் இது தாங்காது. நாலு போட்டோ அனுப்பினால் போதும்.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உங்கள் பெரியப்பாவின் இடறிய காலையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
ம. சவுந்தரநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மாமி பார்சலில் வந்த புதுக் கைப்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு டிவிடி. 'மாமாவின் டெக்கில் போட்டுப் பார்க்க: முழுக் கலியாணம். பெட்டி சும்மா ஒரு பிரதிக்கு' என்று உங்கள் கையெழுத்தில் துண்டு. நல்ல மருமகன். எங்கள் டெக்கில் போட்டோம். நானும் மாமியும் மட்டும் இருந்து பார்த்தோம். நாலு மணித்தியாலமும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. முடிந்ததும் மாமி, "என்னப்பா இது, சனமில்லாத வீட்டில கலியாணம் மாதிரிக் கிடக்கு" என்றார். எனவே மேலே கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பெட்டியிலேயே அனுப்பவும். கொன்ஸ்டபிளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.