நீத்துப்பூசணி நிலவு

கைபேசி இன்பமலருடையது. எடுத்துக் கதைத்தவர் அவள் கணவர் ஹெக்டர்.

"ஓம் சேர், நிக்கிறா. ஆனா இண்டைக்குப் போயாவெல்லோ, முழு நிலவு. ஆளுக்குக் கோபம் கொஞ்சம் ஏறித்தான் நிக்குது. பிறகு நான் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்த இன்பமலரின் கை நின்றுவிட்டது. சேர் என்றால் அவள் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலையின் அதிபர் அப்துல் மஜீத். அன்று பின்னேரம் டச்பே கடற்கரையில், சந்திரன் எழும்பும் நேரம், பிள்ளைகளுக்கும் பெற்றாருக்கும் முன்னால் அவள் பேச இருந்தாள். தலைப்பு 'சந்திரனைப் பற்றிய பொய்கள்'. அவளே கேட்டு வாங்கிய பேச்சு.

"என்னவாம்?"

"மத்தியானம் வீட்டுப் பக்கம் வந்து உன்னைப் பாக்கிறாராம். உனக்கு ஏலாட்டி இஹ்ஸான் சேர் பேசுவாராம்."

இஹ்ஸான் சேர், சந்திரனின் மறுபக்கத்தில் வெயிலே படாது என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தவர். அந்தப் பொய்யை ஒவ்வொரு கொப்பியிலும் சிவப்புப் பேனையால் வெட்டியவள் இன்பமலர்.

"எனக்கு என்ன ஏலாது?"

"இந்தா, தொடங்கிட்டுது," என்று ஹெக்டர் யன்னலால் வானத்தைப் பார்த்தார். பறுவத்துச் சந்திரன் விடியவே இறங்கிவிடும், இனிப் பொழுது படத்தான் வரும் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

ஹெக்டருக்குத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இறைச்சிக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார். பெரிய வெள்ளியையும் போயாவையும் விட்டால் பூட்டு விழாத கடை.

"கடலையே இழுக்கிற சாமான்," என்றார். "மனிசரில முக்கால்வாசி தண்ணி. உன்னை விடுமோ?"

"கடல் பெரிசு. ஒரு பக்கம் கூட இழுபடும், மற்றப் பக்கம் குறைய. அந்தக் கடலே எங்கட திருகோணமலையில ரெண்டு மூண்டு சாண்தான் ஏறி இறங்குது. உங்கட தேத்தண்ணிக் கோப்பை பொங்குதோ? எனக்குள்ள மட்டும் என்ன பொங்கிறது?"

"நான் கண்ணால பாக்கிறன். போன மாசம் மன்னாருக்குப் போனபடியால் தப்பிச்சன்."

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்கு வரும் கோபத்தை அவளுடையது என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. ஏன் கோபம் என்று கேட்பதில்லை, கலண்டரைப் பார்ப்பார்கள். அதில் போயா குறித்திருந்தால் கதை முடிந்தது. சொந்தக் கோபம்கூட இல்லாத ஒருத்தியாகத் தான் இத்தனை காலம் இருந்திருக்கிறேனோ என்று நினைக்க அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

மத்தியானம் வரை குரலை உயர்த்துவதில்லை என்று முடிவெடுத்தாள். அதிபர் வந்து அமைதியான ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

விறாந்தை மேசையில் அவளுடைய சந்திரன் தயாராக இருந்தது. சின்ன நீத்துப்பூசணி, சாம்பல் பூத்தது. பூமிக்குத் தெரியும் பக்கத்தில் கரியால் கறுப்புத் திட்டுகள் வரைந்திருந்தாள். சந்திரன் பூமியை ஒருதரம் சுற்றி வரும் அதே காலத்தில் தன்னைத்தானும் ஒருதரம் சுற்றுகிறது, அதனால்தான் நமக்கு எப்போதும் ஒரே முகம். அதைப் பூசணியைக் கையில் பிடித்துக் காட்டப்போகிறாள்.

அவள் குளித்துவிட்டு வரும்போது ஹெக்டர் குசினி அலுமாரிக்கு முன்னால் நின்றார்.

"தூள் போத்தலெல்லாம் உயரப்படி அடுக்கிட்டன். இவ்வளவு நாளும் எப்படித்தான் சமைச்சாயோ."

மிளகாய்த்தூள் எது, மஞ்சள் எது என்று தேட வேண்டியிருந்தது.

"நல்லது," என்றாள் மெதுவாக.

ஹெக்டர் திடுக்கிட்டார். "என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

"என்னத்துக்குச் சத்தம்?"

அவர் விறாந்தைக்குப் போய்த் தமக்கைக்கு அழைப்பெடுத்தது குசினிவரை கேட்டது. "ஜெஸ்மினக்கா, இண்டைக்கு வேற மாதிரி. கதைக்கிறாளேயில்லை. எனக்குப் பயமாக்கிடக்கு."

கொஞ்ச நேரத்தில் இன்பமலரின் கைபேசி அடித்தது. "பிள்ளை, தலைக்குத் தேசிக்காய் தேய்ச்சு முழுகு," என்றாள் ஜெஸ்மின். "எல்லாத்தையும் உள்ளுக்குள்ள வைச்சிராத. நிலவு கண்டால் அது மூளைக்குப் போயிடும்."

தான் நன்றாக இருப்பதைக் காட்ட இன்பமலர் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"சிரிக்கவும் வெளிக்கிட்டாள்," என்ற ஹெக்டரின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலிலேயே போட்டுக்கொண்டு இருந்தார். அவள் உப்புப் போட்டால் உப்பைப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தால் கூட்டினார்.

இந்த மனிதரை எதிலாவது மினக்கெடுத்தினால்தான் உண்டு.

"கறிக்கு ஏதாவது வெட்டித் தாங்கோவன். மரக்கறி குசினி மேசையில கிடக்கு."

ஹெக்டரின் முகம் மலர்ந்தது. கத்தி கையில் ஏறியதும் அவர் வேறு ஆள். இன்பமலர் நிம்மதியாக அறைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிச் சேலையை மினுக்கினாள். பலகையில் கத்தி விழும் சத்தம் சீராகக் கேட்டது. கண்ணாடிக்கு முன் நின்று பேசிப் பார்த்தாள். "அடிவானத்தில சந்திரன் பெரிசாத் தெரியிறது கண்ணின்ர பொய். பெருவிரலால மறைச்சுப் பாருங்கோ. உச்சிக்கு வந்தாலும் அதே அளவுதான்."

சேலை உடுத்து வெளியே வந்தவள் விறாந்தை மேசையைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டியைப் பார்த்தாள். ஒரே அளவில் வெட்டிய வெள்ளைத் துண்டுகள் தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தன.

"மரக்கறி கறிக்குக் காணாது. அதான் விறாந்தையில இருந்த நீத்துப்பூசணியையும் வெட்டிப்போட்டன்," என்றார் ஹெக்டர் பெருமையாக. "ஒரு பக்கம் முழுக்க அழுகல். கறுப்பெல்லாம் செதுக்கி எறிஞ்சன். நல்லகாலம், நான் பார்த்தது. நீ அப்படியே போட்டிருப்பாய்."

மத்தியானம் வரை அடக்கியது மொத்தமும் ஒன்றாக வந்தது.

"அது அழுகல் இல்லை, சந்திரன். என்ர சந்திரனை வெட்டிக் கறி வைச்சிட்டீங்கள்."

லிங்கநகர் முழுவதும் கேட்டிருக்கும். வாசலில், கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அதிபர் அப்துல் மஜீத் நின்றார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு றம்ஸியா, வட்டிலப்பத் தட்டோடு.

"நான் சொன்னனான்தானே சேர்," என்றார் ஹெக்டர் கவலையாக. "பறுவம். எல்லாப் போயாவுக்கும் இப்படித்தான்."

அதிபர் கைபேசியில் இஹ்ஸான் சேரின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

"எல்லாப் போயாவுக்கும் இல்லை சேர்," என்றாள் றம்ஸியா தட்டை நீட்டியபடி. "போன போயாவுக்கு ஹெக்டர் அண்ணன் மன்னாருக்குப் போயிருந்தார், அண்டைக்கு டீச்சர் நாள் முழுக்கப் பாட்டுப் படிச்சுக்கொண்டு நிண்டவ."