எங்கள் மலையில் காற்று இல்லை என அறியத் தருவது

மேல் கணக்கு லயம்,
பலாபத்வலைக்கு மேலே.
1999 செப்டெம்பர், ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தியாகராஜா அவர்களுக்கு மாமா மாணிக்கவாசகம் எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை சுந்தரம்மாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் எங்கள் மகள் சந்திரகாந்தாவும் வாடாமல் இருக்க இங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய காற்று அளக்கும் மெசின் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளையிடம் மாமனார் நன்றியைத் தவிர வேறெதையும் சொல்லலாகாது என்பதால் கீழே வருவது அத்தனையையும் நன்றியாகவே வாசித்துக்கொள்ளவும்.

எங்கள் ஓடையை நீங்கள் கல்யாணத்தின்போது பார்த்திருக்கிறீர்கள். மேலே உடகம சிங்களக் கிராமம், நடுவில் முஸ்லிம் ஊர், கீழே நம் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள். மூன்று இடத்திலும் லைட் சங்கம், மூன்று வாய்க்கால், ஒவ்வொரு சங்கத்துக்கும் கரண்ட் எடுக்க ஒரு தண்ணீர்ச் சக்கரம். மழை பெய்தால் எல்லோரும் ராஜாக்கள். வெயில் பிடித்தால் மேலே இருப்பவர் எடுத்தது போக நடுவில் இருப்பவர் எடுத்தது போக எங்களுக்கு ஓடையின் சத்தம் மட்டும் வந்து சேரும், பல்பு பழுத்த பப்பாளி மாதிரி தொங்கும். போன வருடத்துக்கு முந்தின வருடம் உடகம சங்கத் தலைவர் முதியான்சே மணல் மூட்டை போட்டுத் தண்ணீரைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பப் போய், முஸ்லிம் ஊர்ச் சங்கத் தலைவர் பலீல் ஹாஜியார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாட்டு நேரத்தில் விளக்கு அணைந்து, மாப்பிள்ளை வீட்டார் இருட்டில் ஒருவர் சகன் தட்டில் ஒருவர் கையைவிட்டு, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நான் இரண்டு பேரிடமும் பேசுகிறவன், தோட்டத்து ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன், வேறு வேலை இல்லாதவன். ஆகவே மலை உச்சியில் காற்றாடி வைத்தும் கரண்ட் எடுக்கலாம், ஒரு சங்கத்தால் முடியாது, மூன்றும் சேர்ந்தால் உதவி கேட்கலாம், முதலில் காற்றை அளந்து பாருங்கள் என்று நீங்கள் எழுதியதும் என்னையே கூட்டுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

முதல் கூட்டம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் நம் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. அந்தப் பக்கத் தொட்டிலுக்குக் கீழே ஹாஜியார், இந்தப் பக்கத் தொட்டிலுக்குக் கீழே முதியான்சே, நடுவில் நான். முதியான்சே சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் ஹாஜியாருக்குச் சொல்ல வேண்டும், ஹாஜியார் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் அவருக்குச் சொல்ல வேண்டும். ஹாஜியாருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். முதியான்சேக்குத் தமிழ் விளங்கும். ஆனாலும் நேரடியாகக் கேட்டதாக ஒத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசில்லை. இப்படி ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வழியாகவே போய் வந்ததில், சாயங்காலம் அத்தை கேட்ட கேள்விக்கு நான் இரண்டு பாஷையிலும் பதில் சொன்னேனாம்.

மூங்கிலோடு மூங்கில் கட்டி, மலை உச்சிப் பாறையில் நட்டு, நுனியில் மெசினின் கிண்ணங்களைப் பூட்டி, வயரை இறக்கி, கீழே நம்பர் ஓடும் பெட்டியை வைத்தோம். கிண்ணங்கள் என்ன அழகாகச் சுற்றின. ஆனால் அது கண்டி–யாழ்ப்பாண றோட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதை மூன்று சங்கத்தில் ஒரு சங்கமும் யோசிக்கவில்லை. மலை உச்சியில் ஒரே ராத்திரியில் முளைத்த கம்பம், நுனியில் சுற்றுகிற சாமான், அதிலிருந்து இறங்குகிற வயர். யுத்தம் நடக்கிற இந்த நாளில் சந்தி இராணுவக் காவலரணில் இருக்கிறவர்கள் அதை என்னவென்று நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். மறுநாள் காலை நாங்கள் மூவரும் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து, கம்பத்தைச் சாய்த்து, மெசினையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். என் அடையாள அட்டை வீட்டில், கோயிலுக்குப் போட்டுப்போன சட்டைப் பையில்.

காவலரணுக்குப் பெரியவரான அதிகாரி இளம்பிள்ளை, சந்திரகாந்தா வயதுதான் இருக்கும். இது எந்த ஊரோடு பேசுகிற மெசின் என்று கேட்டார். காற்றோடு மட்டும் பேசும் என்றேன். அது சரியான பதில் இல்லை என்று ஹாஜியார் என் காலை மிதித்தார். பிறகு முதியான்சே, பெட்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிண்ணங்களைப் பார்த்து ஊதினார். நம்பர் ஏறியது. பெரியவரும் ஊதினார். இன்னும் ஏறியது. பிறகு காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஊதினார்கள், யார் ஊதினால் அதிகம் ஏறுகிறது என்று பார்த்தார்கள், சமையல்காரரையும் கூப்பிட்டார்கள், அவர்தான் ஜெயித்தார். இனிப் பயமில்லை என்று நான் எழும்பினேன். அப்போதுதான் பெரியவர் மற்ற இருவரும் போகலாம், இந்த ஐயா மட்டும் இருக்கட்டும், அட்டை இல்லை, விசாரித்துவிட்டுப் பார்ப்போம் என்றார்.

மாப்பிள்ளை, அதுவரை சிரிப்பாக எழுதிவிட்டேன், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்படி இருக்கச் சொன்ன நம் லயத்துப் பிள்ளை ஒருவன் வீடு திரும்ப ஒரு மழைக்காலம் முழுசும் போனது உங்களுக்கும் தெரியும். எழும்பினவன் மறுபடியும் உட்கார்ந்தேன். வாசல் வரை போன முதியான்சே திரும்பி வந்தார். நான் இருந்த வாங்குப் பலகை இரண்டு பேருக்கு மட்டும் காணும். அதில் என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பாஷையில் அமைதியாகச் சொன்னார்.

“இவர் எங்க செயலாளர். இவரை விட்டுட்டுப் போனா நாங்க ரெண்டு பேரும் பேசிக்க ஆள் கிடையாது.”

பெரியவருக்கு விளங்கவில்லை. ஹாஜியாரும் வந்துவிட்டார். மூன்று பேராக வந்தோம், மூன்று பேராகத்தான் மலை ஏறுவோம், எங்கட ஊர்ச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ற என்று சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியும் சொல்லிவிட்டு, உட்கார இடம் தேடினார். வாங்கில் இடம் இல்லை. முதியான்சேயைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி இருங்க” என்றார். இரண்டு வருடத்தில் ஹாஜியார் அவரிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். முதியான்சே தள்ளினார். தள்ளிக்கொண்டே, வாய்க்காலிலும் நீங்கள் இப்படித்தான் இடம் கேட்டிருக்கலாமே என்றார். கேட்க வந்தபோது நீங்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றீர்கள் என்றார் ஹாஜியார். அவ்வளவுதான். ஹாஜியார் என் மறுபக்கத்தில் வந்து நெருக்க, நான் நடுவில் நசுங்கிக் கிடக்க இரண்டு வருடச் சண்டையை இரண்டு பேரும் என் மடிக்கு மேலாகப் பிடித்தார்கள், இருட்டுச் சாப்பாடு வந்தது, முதியான்சேயின் வாடிப்போன மிளகாய்ச் செடி வந்தது, யார் பாட்டன் முதலில் ஓடையைக் கண்டான் என்பதும் வந்தது. மொழிபெயர்க்க ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

பெரியவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கலேவெலப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளையாம். கடைசியில், ஒரே ஓடைதானே, எதற்கு மூன்று வாய்க்கால் என்று கேட்டார். எங்கள் ஊரில் இவ்வளவு தண்ணீர் கிடைத்தால் ஒரு குளத்தில் சேர்த்து எல்லோருமாகப் பங்கிடுவோம், நீங்கள் ஆளுக்கு ஒரு துண்டாகக் கிழித்துவைத்துக்கொண்டு காற்றைத் தேடி மலை ஏறுகிறீர்கள் என்றார்.

அந்த நேரத்தில், நாங்கள் பிடிபட்ட செய்தி லயத்துக்கு எட்டி, உங்கள் அத்தை அட்டையோடு வந்தாள். மலையிலிருந்து சந்தி வரை நடந்தே வந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “இந்தாங்க, அவரு சட்டையில இருந்துச்சு” என்று பெரியவரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார். மெசினையும் தந்து, இன்னது என்று மூன்று பாஷையிலும் பலகை எழுதித் தொங்கவிட்டு நட்டுக்கொள்ளச் சொன்னார். கம்பத்துக்கு நான் பொறுப்பு என்று முதியான்சே கையெழுத்து வைத்தார், கம்பத்தின் மற்றப் பாதிக்கு நான் பொறுப்பு என்று ஹாஜியாரும் வைத்தார்.

பலகை எழுதி முடியும்வரை மெசின் நம் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. பிறகு மறுபடியும் உச்சியில் நட்டோம். அன்றிலிருந்து ஆடி முழுசும், ஆவணியிலும், அது காட்டிய நம்பர் பூச்சியம். இதில்தான் எனக்கு விஞ்ஞானத்தின் பெருமை விளங்கியது. பிள்ளைக் காம்பராத் தகரம் பறந்து மிளகுத் தோட்டத்தில் விழுந்தது, மெசினில் பூச்சியம். ஹாஜியாரின் தொப்பி பள்ளத்துக்குப் போனது, பூச்சியம். நம்பரைப் பார்க்கப் போன நான் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்தேன், அப்போதும் பூச்சியம். எங்கள் உடம்பு சொல்வதை நம்புவதா, வெளிநாட்டு மெசின் சொல்வதை நம்புவதா என்று கூட்டத்தில் பேசினோம். மெசினுக்குப் பொய் சொல்ல என்ன தேவை என்றார் முதியான்சே. எங்கட காத்து வாய்ப்பேச்சுக் காத்து, வேலைக்கு ஆகாது என்றார் ஹாஜியார். ஆக, இந்த மலையில் காற்று இல்லை என்று மூன்று சங்கமும் ஏகமனதாகத் தீர்மானித்து, மூன்று வாய்க்காலையும் உடகமவுக்கு மேலே ஒரே தொட்டியில் சேர்த்து, ஒரே பெரிய சக்கரம் போட்டு, கரண்டை வீட்டு எண்ணிக்கைப்படி பங்கிடுவது என்று முடிவாகிவிட்டது.

வேலையும் தொடங்கிவிட்டது. மணல் மூட்டைகளை முதியான்சேயே தூக்கி எடுத்தார், அதே மூட்டைகளைத் தொட்டிக் கரைக்கு வைத்தோம். ஹாஜியார் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பிளேன் டீயும் பணிஸும் வருகிறது. போன கிழமை பழைய சக்கரத்தையே வைத்து ஒத்திகை பார்த்தோம், இந்த வெயிலிலும் கடைசி லயத்துக் கடைசிக் காம்பரா வரை வெளிச்சம் வந்தது. உங்கள் அத்தை பல்புக்குக் கீழே சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கினாள். மாப்பிள்ளை, இதெல்லாம் நீங்கள் அந்தச் சாமானை அனுப்பியதால் நடந்தது. அந்த வாங்கில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அவ்வளவு பத்திரமாக நான் என் ஆயுளில் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. மனசார நன்றி. இனிமேல் மெசின் எதுவும் அனுப்ப வேண்டாம் என்பதையும் அதே மனசோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஹாஜியார் ஸலாம் சொன்னார். முதியான்சே உங்களுக்கு ஒரு பை மிளகு எடுத்துவைத்திருக்கிறார். நீங்களும் மகளும் நீடூழி வாழ, உங்கள் வீட்டு விளக்கு என்றும் மங்காதிருக்க எங்கள் ஆசிகள்.

அன்புள்ள மாமா,
மாணிக்கவாசகம்
(கூட்டுச் செயலாளர்)

பி.கு: ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பூச்சியம் வந்த இடத்தில் அவள் முகம் ஒருமாதிரி ஆனது. துருவிக் கேட்டேன். மெசின் அலுமாரிக்கு மேல் இருந்தபோது, இனி அதற்கும் எனக்கும் யார் கண்ணும் படக் கூடாது என்று கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றால் கிண்ணங்களைச் சேர்த்து, காற்றில் அவிழாதபடி, நன்றாக இறுக்கிக் கட்டினாளாம். பூட்டும்போது அது கறுப்பு வயரோடு வயராகக் கிடந்தது, பிறகு நாங்கள் பெட்டி நம்பரைத் தவிர மேலே பார்க்கவே இல்லை, கீழிருந்து பார்த்தாலும் கயிறு தெரியாது. “கட்டுனதுக்கப்புறம் ஒங்கள யாராச்சும் புடிச்சாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். கயிற்றை அவிழ்க்கவா, வேண்டாமா என்று மாப்பிள்ளை அவர்கள்தான் மறு தபாலில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு தலைவர்களும் இப்போது தொட்டிக் கரையில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கிறது.