ஸ்டெல்லா மிஸ்ஸும் மைசூர் தலைப்பாகையும்

நேத்து நான் படிச்ச ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் விழா. போகணும், பார்க்கணும், வீட்டுக்குத் திரும்பணும். அவ்வளவுதான் திட்டம்.

சரி, உண்மையைச் சொல்லிடறேன். இன்னொரு ஆசையும் இருந்தது. ஏழாவதுல எனக்கு கிளாஸ் டீச்சரா இருந்த ஸ்டெல்லா மிஸ்தான் இப்ப ஹெட்மிஸ்ட்ரஸ். அவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும். பத்து வருஷம் அங்கே படிச்சு ஒரு தடவைகூட மேடை ஏறாதவனை யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?

எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்ல இருந்து நேரா தொம்மலூர்ல இருக்கிற ஸ்கூலுக்குப் போய் இறங்கினேன். கழுத்துல கம்பெனி ஐடி கார்டு. அதைக் கழட்டணும்னு தோணவே இல்லை. எங்க ஆளுங்க குளிக்கும்போதுதான் அதைக் கழட்டுவாங்க.

கேட்ல வாட்ச்மேன் கார்டைப் பார்த்தார். "சார், எலெக்ட்ரானிக் சிட்டியிந்த பந்த்ரா?" அங்கிருந்தா வர்றீங்கன்னு கன்னடத்துல கேட்கிறார்.

"ஹௌது", ஆமான்னேன். பொய் இல்லையே!

அவர் உள்ளே ஓடினார். ரெண்டு டீச்சருங்க வெளியே ஓடி வந்தாங்க. ரெண்டு பேரும் புதுசு.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் எல்லாரும் வெயிட்டிங்!"

"எனக்காகவா?"

"ஓல்டு ஸ்டூடன்ட்தானே சார் நீங்க?"

"ஆமாங்க."

"அப்ப மேடைக்கு வாங்க!"

பழைய மாணவங்களுக்கு இவ்வளவு மரியாதையா!

தலையில மைசூர் தலைப்பாகை வச்சாங்க. தோள்ல சால்வை. கையில பழக்கூடை. இந்த இடத்துலயாவது எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். வரலை.

மைக்கை நீட்டினாங்க. பேசினேன். "இதே ஸ்கூல்ல மூணு பாடத்துல ஃபெயிலானவன் நான். இன்னிக்கு எங்கே நிக்கிறேன் பாருங்க!"

செம கைதட்டல். சோபாவுல உட்கார்ந்து கூடையில இருந்த திராட்சையை ஒவ்வொண்ணா வாயில போட்டுக்கிட்டு குட்டி தேவதைங்க டான்ஸைப் பார்த்தேன்.

அப்ப கோட்டு போட்ட ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க மேடை ஏறினார். "ஸாரி, சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்."

அவரும் ஓல்டு ஸ்டூடன்ட். அவரும் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே ஒரு கம்பெனிக்கு வைஸ் பிரசிடென்ட். அன்னிக்கு சீஃப் கெஸ்ட் அவர்தான். இன்விடேஷன்லயே போட்டிருந்தாங்களாம். நான் தேதியை மட்டும்தான் பார்த்தேன்.

டான்ஸ் பாட்டை நிறுத்திட்டாங்க. பின்னாடி பசங்களுக்கு மேக்கப் போட்டுக்கிட்டிருந்த ஸ்டெல்லா மிஸ் திரையை விலக்கிக்கிட்டு வந்தாங்க. என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"டேய், செவன்த் பி குமரேசன்தானே நீ?"

சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஆமா மிஸ்!"

"கழட்டுடா அதை."

மொத்தமே ஒரு தலைப்பாகைதான் வாங்கியிருந்தாங்க. என் தலையில கச்சிதமா உட்கார்ந்திருந்தது, வைஸ் பிரசிடென்ட்டுக்குக் கண்ணு வரைக்கும் இறங்கிடுச்சு. சால்வையும் போச்சு. பழக்கூடையை வாங்கிப் பார்த்த மிஸ், "திராட்சை எங்கேடா?"ன்னாங்க. மைக் ஆன்லதான் இருந்தது.

பதினெட்டு வருஷம் கழிச்சும் மிஸ் என்னை மறக்கலை. இனிமே மறக்கவும் மாட்டாங்க.