நீல அறையில் மணி அடிக்காது

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நீல அறை திறக்கப்பட்டது ஆன்டெனாக்களின் நலன் கருதித்தான். இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. நிலையத்தின் ஆண்டறிக்கையை எழுதுகிறவன் நான். இப்படித் தெளிவுபடுத்துவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஓர் ஆன்டெனா எந்தப் பக்கம் நன்றாகப் பேசுகிறது, எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது என்று அளப்பதற்கு ஒரு தனி அறை வேண்டும். வெளியிலிருந்து ஒரு சிக்னலும் அதற்குள் வரக் கூடாது. உள்ளே கிளம்பும் அலையும் சுவரில் முட்டித் திரும்பக் கூடாது. எனவே சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் இரும்புத் தகடு அடித்து, அதன் மேல் நீல நிற நுரைக் கூம்புகளை நெருக்கி ஒட்டினார்கள். கனமான கதவைச் சாத்திவிட்டால் எந்தக் கம்பெனி செல்போனும் உள்ளே அடிக்காது. கட்டியவர்கள் இதை ஒரு விஞ்ஞான வசதி என்று நினைத்துக்கொண்டார்கள். பாவம்.

திறப்பு விழா அன்று இயக்குநர் ரிப்பன் வெட்டி உள்ளே போனார். அவருடைய செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் மேலிடத்துச் செயலர் கூப்பிட்டு, "அந்தப் புள்ளிவிவரம் என்னாச்சு?" என்பார். மதியம் அவரே கூப்பிட்டு, "எந்தப் புள்ளிவிவரம்?" என்பார். நடுவில் மாமனார் கூப்பிடுவார். இப்படிப்பட்ட செல்போன் கதவு சாத்தியதும் செத்துப்போனது. இயக்குநர் அதை எடுத்துப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் பல வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒரு களை மெல்லத் திரும்பி வந்தது.

"கொஞ்ச நேரம் கதவைத் திறக்காதீங்க" என்றார்.

மறுநாள் ஆய்வு செய்வதற்காக வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் முறை ஆய்வுக்கு ஒரு தலையணையும் தேவைப்பட்டது.

இதில் மாட்டிக்கொண்டவள் மூடி மேடம். அவள் செய்த ஆன்டெனா பார்ப்பதற்குப் பாத்திர மூடி போலத் தட்டையாக இருக்கும். அதனால் அந்தப் பெயர். ஆம்புலன்ஸ் கூரையில் ஒட்டுவதற்காகச் செய்தது. அவளுடைய அண்ணன் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அந்தப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வண்டி அங்கே நுழைந்தால் ஆஸ்பத்திரியோடு தொடர்பு அறுந்துபோகும். நோயாளிக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று கேட்கக்கூட ஆள் கிடைக்காது. ஒருமுறை அப்படி ஒரு பெரியவர் அண்ணன் கண் முன்னாலேயே போய்விட்டார். "படிச்சவதானே, ஏதாவது பண்ணு பாப்பா" என்று அவர் கேட்டதால் பிறந்தது இந்த மூடி. பலவீனமான சிக்னலைப் பிடிக்கும், கூட வரும் இரைச்சலை வடிகட்டும். நீல அறையில் சுழலவிட்டு அளந்து சான்றிதழ் வாங்கினால் ஆம்புலன்ஸில் பொருத்தலாம். அவளுடைய ஒப்பந்த வேலை முடிவதற்குள் அளந்தாக வேண்டும்.

நீல அறையின் சாவி நிர்வாக அதிகாரியிடம் இருந்தது.

"சார், எனக்கு ஒரு மணி நேரம் போதும்."

"உள்ள ஐயா ஆய்வுல இருக்காரே."

"அவருக்கு அப்புறம்?"

"அப்புறம் துணை இயக்குநர். அப்புறம் கணக்குப் பிரிவு. எல்லாம் கிரேடு வரிசைப்படிதான் போகுது. உங்க ஆன்டெனா என்ன கிரேடு?"

"ஆன்டெனாவுக்கு ஏது சார் கிரேடு?"

"கிரேடே இல்லாத ஒண்ணை எந்த வரிசையில நான் நிக்க வைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. நிர்வாக அதிகாரி பேசும்போது எல்லாருக்கும் அப்படித்தான் படும். வீட்டுக்குப் போன பிறகுதான் எரிச்சல் வரும்.

சங்கதி மேலிடத்துக்கு எட்டியது. செயலரே நேரில் வந்து ஆய்வு செய்து, முகம் தெளிந்து வெளியே வந்தார். அவர் உட்காருவதற்காக உள்ளே சோபா போடப்பட்டது. சோபா போட்டால் அலை அதில் முட்டித் திரும்பும் என்று மூடி மேடம் எழுதிக் கொடுத்தாள். மேற்படி சோபா மெத்தென்று இருப்பதால் முட்டினாலும் அலைக்கு வலிக்காது என்று பதில் வந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! நீல அறைக்குப் போய் வராதவன் அதிகாரியே இல்லை என்றாகிவிட்டது. போனதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு நுரைக் கூம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். யாருக்கு எத்தனை கூம்பு என்பதில் தகராறு வந்தது. தகராறைத் தீர்க்க ஒரு சுற்றறிக்கை வந்தது. கடைத்தெருவில் நீலக் கூம்பு வைத்த மெத்தை, நீலக் கூம்பு வைத்த தொப்பி எல்லாம் விற்றார்கள். என் மனைவியும் ஒரு திரைச்சீலை வாங்கி வந்தாள். "இதைக் கட்டினா மனசு அமைதியாகுமாம்" என்றாள். கட்டுகிற வரைக்கும் வீட்டில் அமைதிதான் இருந்தது.

கூட்டம் அதிகமானதும் அறை புழுங்கியது. ஏசி வைப்பதற்காகச் சுவரில் துளை போட்டார்கள். அந்த வாரமே, செயலர் ஆழ்ந்த ஆய்வில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது.

நிலையத்தின் வரலாற்றில் அப்படியொரு கலவரத்தை நான் பார்த்ததில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. சிக்னலை உள்ளே விட்டது யார்? வளாகத்திலேயே சொந்தமாக ஆன்டெனா வைத்திருக்கும் ஒரே ஆள் மூடி மேடம்தான். மற்ற ஆராய்ச்சியாளர்கள் ஆன்டெனாக்களைப் பற்றிக் கட்டுரை மட்டுமே எழுதுகிறவர்கள். எனவே அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஏசி துளை வழியாத்தான் சார் வந்திருக்கு."

"அந்தத் துளைக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கும்மா" என்றார் குழுத் தலைவர். "அனுமதி வாங்கின துளையில அனுமதி வாங்காத சிக்னல் எப்படி வரும்?"

"நான் அளந்து காட்டறேன். அறையைக் கொடுங்க."

இப்படியாகத்தான் அவளுக்கு நீல அறை கிடைத்தது. மூடியைத் தாங்கியில் வைத்துச் சுழலவிட்டாள். துளைப் பக்கம் திரும்பியபோது திரையில் கோடு குதித்து எழுந்தது. விரல் நுழையும் இடுக்கில் கசிந்த சிக்னலை, மொட்டையாகிப்போன சுவர்களில் முட்டி வந்த இரைச்சலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த மூடி துல்லியமாகப் பிடித்தது. அவள் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிற ஆராய்ச்சியாளரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

முடிவு முறைப்படி வந்தது. "மேற்படி ஆன்டெனா எந்த இடத்திலும் சிக்னலைப் பிடிக்கவல்லது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளதால், அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும் பொருளாகக் கருதி நிராகரிக்கப்படுகிறது."

கூடவே இன்னோர் உத்தரவும் இருந்தது. நாட்டில் பல அலுவலகங்கள் சொந்தமாக நீல அறை கட்ட ஆரம்பித்திருந்தன. அவற்றில் சிக்னல் கசிகிறதா என்று பார்க்க இந்த மூடியை விட்டால் வேறு கருவி இல்லை. ஆகவே மூடி மேடம் 'அமைதிப் பாதுகாப்பு அலுவலர்' ஆக்கப்பட்டாள். இப்போதைக்குத் தற்காலிகம்தான். நடத்தை திருப்தியாக இருந்தால் நிரந்தரம்.

அவள் அண்ணனைப் பார்க்கப் போனாள்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க அண்ணா."

"வேலை செய்யுதா, செய்யலையா?"

"செய்யுது. அதனாலதான் ரிஜெக்ட்."

அண்ணனுக்கு அது புரியவில்லை. ஆபீஸில் வேலை பார்த்திருந்தால்தானே புரியும். அவள் செய்து வைத்திருந்த இரண்டு மூடிகளில் ஒன்றை வாங்கி, யாரையும் கேட்காமல் வண்டிக் கூரையில் திருகிக்கொண்டார்.

மற்ற மூடியோடு அவள் அலுவலகம் அலுவலகமாகப் போய் அளந்து வந்தாள். ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஊழியர்களின் மன அமைதிக்காக அங்கேயும் நீல அறை கட்டியிருந்தார்கள். எங்கள் இயக்குநரோடு நானும் போனேன். இந்த மாதிரி விழாக்களை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் அல்லவா? ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர், அவசரப் பிரிவு டாக்டர், ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் அம்மாள் என்று எல்லாரும் உள்ளே உட்கார்ந்தோம். கதவு சாத்தப்பட்டது. மூடி சுழன்றது. திரையில் கோடு அசையவே இல்லை.

"சுத்தம்" என்றாள் மூடி மேடம். எல்லாரும் கை தட்டினோம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகலாமே" என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிசப்தம் அப்படி. எனக்கே கண் சொக்கியது.

கதவைத் திறந்தபோது ஆளாளுக்குச் செல்போன் கதறியது. மூடி மேடத்தின் போனில் அண்ணனிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அவள் உடனே அவரைக் கூப்பிட்டாள்.

"பொண்ணு குழந்தை" என்றார் அண்ணன். "பிரசவத்துக்கு ஒரு அம்மாவை ஏத்திட்டு வந்தேன், அந்த வளைவுலயே வலி முத்திப்போச்சு. நானும் அந்தம்மாவோட மாமியாரும்தான் பார்த்தோம். கொடி சுத்தியிருந்துச்சு பாப்பா, என்ன பண்றதுன்னு தெரியல. எப்படியோ ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க. உன் மூடி நல்லா வேலை செஞ்சுது. ஆஸ்பத்திரியில மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உனக்கும் போட்டேன். எங்க இருந்தே நீ?"

அவள் போனை வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் அழைப்புகள் வரும் அறைக்கு நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம்.

அழைப்பை யாரும் எடுக்காததால், ஆஸ்பத்திரியின் கருவி மணியோசையோடு மறுமுனைக் குரலையும் சேர்த்துத் தானாகவே பதிவு செய்திருந்தது. போட்டுக் கேட்டோம். முதலில் மணி. அப்புறம் மணிக்கு நடுவே, "எடுங்க... யாராவது எடுங்களேன்... டாக்டரைக் கூப்பிடுங்கம்மா" என்று அண்ணனின் குரல். ஒரு பெண்ணின் அலறல். பிறகு வெகுநேரம் மணியோசை மட்டும். கடைசியில் குழந்தையின் அழுகை. அழைப்புகளை எடுக்கும் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் இயக்குநர் மட்டும் விஞ்ஞானியாகவே இருந்தார்.

"அந்த வளைவுல இருந்தா இது? என்ன தெளிவு! நிராகரிப்பை உடனே ரத்து பண்றேன். அடுத்த வாரம் மாநாட்டுல இதைத்தான் போட்டுக் காட்டணும். உங்க வேலையும் நிரந்தரம்மா, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மணியோசை மட்டும் போதும். அந்த ஆள் கத்துறது, அழுகை, இதெல்லாம் பின்னணி இரைச்சல். வடிகட்டிடுங்க."

"அதுதான் சார் சிக்னல்" என்றாள் அவள்.

"சிக்னல் எதுன்னு மாநாட்டுக் குழு முடிவு பண்ணும்மா."

அவள் ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள். மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து, வடிகட்டி முடித்து, நிரந்தர உத்தரவை வாங்கிக்கொண்டு போனாள். அவள்மேல் கோபப்பட எனக்கு ஆசைதான். என்னுடைய உத்தரவும் அப்படி ஏதோ ஒரு நாளில் வந்ததுதான் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மாநாட்டு அரங்கில் விளக்கை மங்கலாக்கிப் பதிவைப் போட்டார்கள். துளி இரைச்சல் இல்லை. மணி மட்டும், கண்ணாடி போலத் துல்லியமாக, அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நானும் எழுந்து தட்டினேன். என் பக்கத்து இருக்கைக்காரர் தட்டிக்கொண்டே என் காதில் கேட்டார்:

"பிரமாதம் சார். இங்க நீல அறை எந்தப் பக்கம்?"