ஆட்டின் பின்கால்கள்

சுவிற்சர்லாந்து முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் பின்னாலை அண்ணையைப் போல இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியாது. தப்பித் தவறி யாராவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லாதீர்கள். ஒருவரோடு நான் பட்டதே போதும்.

பிள்ளைகளே, அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் இருக்கும் கூர் நகரத்தில் அது அவருடைய கடிதப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் பின்னாலை அண்ணை. வாரநாளில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவார். அந்த நாடகத்தால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. எனக்கு இரத்த அழுத்தம் வந்ததும் அதே நாடகத்தால்தான்.

அவர் பழக்கியது பான்டோமைம் என்ற கூத்து. விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்காரர் நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் நாளில், அதைப் போடுவார்களாம். பெயர்பெற்ற தடித்த நாவல் ஒன்றை எடுப்பார்கள். அதன் குடலை உருவி எறிந்துவிட்டு, உள்ளே பாட்டும் அடிதடியும் மிருகமும் அடைத்துத் தைத்துவிடுவார்கள். எழுதியவரே வந்து பார்த்தாலும் தன் கதை என்று கண்டுபிடிக்க மாட்டார். மீசை வைத்த ஆள் ஒருவர் பாவாடை கட்டி அத்தையாக வருவார். ஒரே மிருகத் தோலுக்குள் இரண்டு பேர் புகுந்து, ஒருவர் முன்கால், ஒருவர் பின்கால் என்று நடப்பார்கள். மேடையில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பதுங்கி வந்தால் சபை முழுவதும் “பின்னாலை! பின்னாலை!” என்று கத்த வேண்டும். அதுதான் முக்கிய விதி.

முதல் வருடம் எங்கள் ஆட்கள் கத்தவில்லை. கைகட்டி, மரியாதையாக இருந்தார்கள். அண்ணைக்கு வந்ததே ஒரு கோபம்!

“கோயில்லை கதைப்பியள், செத்தவீட்டிலை கதைப்பியள். கத்தச் சொன்னால் மட்டும் வாயிலை கொழுக்கட்டையோ?”

அதற்குப் பிறகு ஊரையே பழக்கத் தொடங்கினார். கடையில் நீங்கள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பீர்கள். அவர் பூனை மாதிரி வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். உங்கள் மனைவி “பின்னாலை!” என்று கத்தும்வரை அசைய மாட்டார். ஒருநாள் கூர் ரயில் நிலையத்தில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். எதிர் மேடையில் நின்ற பதினைந்து தமிழர் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சுவிஸ் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் திரும்பினார். அண்ணை அவருக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

“உந்த வெள்ளைக்காரக் கூத்து எங்களுக்கு என்னத்துக்கு அண்ணை?” என்று நான் கேட்டேன். அப்போதுதான் அவர் தன் பூட்டனின் கதையைச் சொன்னார்.

பூட்டன் என்றால் தாத்தாவுடைய அப்பா. கொழும்பில் துரைமாருடைய நாடகக் கொட்டகையில் திரைக் கயிறு இழுத்தவர். அங்கே போட்ட ஒரு கூத்தில், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய துரை ஒருவருக்கு அந்தத் தீவுக்காரன் வேலைக்காரன் ஆகிறான். முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி அந்தத் தீவுக்காரனாக ஆடியவரும் ஒரு துரைதான். அவனைத் தடியால் அடிக்க அடிக்கச் சபை விழுந்து விழுந்து சிரிக்குமாம். கடைசியில் தீவுக்காரன் முட்டுக்காலில் குனிய, துரை அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து கொடி ஆட்ட, திரை விழும்.

“விழுத்தினது ஆர்?” என்று அண்ணை என் சட்டையைப் பிடித்தார். “என்ரை பூட்டன்! கரி பூசினவன் வெளிச்சத்திலை நிண்டான். கரி பூசத் தேவையில்லாதவன் இருட்டிலை கயித்தோடை நிண்டான். ஒவ்வொரு நாளும் அந்தக் கண்றாவிக்குத் திரையை இழுத்து விட்டிட்டு வீட்டை வந்து சோறு தின்னாமல் படுப்பாராம். விடுவனோ தம்பி? அதே கூத்தை நான் போடுவன். கடைசியை மட்டும் மாத்துவன்.”

கடைசி வசனம் ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் முழு நாடகமும். அதை மேடையில் ஒருவர் சொல்லி, நூறு பேர் கேட்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

மூன்று வருடம் அந்த வசனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியின் ஆண்டு விழா இரண்டு மணிக்குத் தொடங்கும். மண்டபம் ஐந்து மணிவரைதான் எங்களுடையது. அந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரரை நாங்கள் அப்வார்ட் என்போம். சாவிக்கொத்தோடு அவர் வந்தால் ஐந்து மணி. ஐந்து தாண்டியதும் மண்டபம் இருட்டு. அது அவருடைய பிழையில்லை. பிழை எங்கள் பெரியவர்களுடையது. ஐந்து திரி உள்ள விளக்கை ஏற்றப் பதினான்கு பேரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, செயலாளர் அறிக்கை, பொன்னாடை, பொன்னாடைக்கு நன்றி. பிள்ளைகள் வரைந்த மீசையோடு திரைக்குப் பின்னால் தூங்கி விழுவார்கள். விழா பிள்ளைகளுக்கு, ஒலிவாங்கி பெரியவர்களுக்கு! மூன்று வருடமும் நாடகம் பாதியில் நிற்க, விளக்கு அணைந்தது.

நான்காவது வருடம்தான் என் மகள் கயலுக்கு அண்ணை ஒரு பாத்திரம் கொடுத்தார். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

“அப்பா, நான் ஆட்டின்ரை பின்கால்.”

எனக்குக் காது அடைத்தது. தீவில் உள்ள ஆடு அது. முன்கால் யார் தெரியுமா? செயலாளருடைய மகன் கவின்! ஆட்டுக்குத் தலை உண்டு, கொம்பு உண்டு, இரண்டு “மே” உண்டு. எல்லாம் கவினுக்கு. என் பிள்ளைக்கு வால். அதை ஆட்டும் கயிறு தன் கையில் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

போன வருடம் அவள் தனியாக மேடையேறிக் கவிதை சொன்னவள். இரண்டாம் வரி மறந்து, பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்ற அழகைச் சபையே பார்த்துச் சிரித்தது. நான் அதைக் கைபேசியில் எடுத்து, கனடாவரை எல்லாச் சொந்தக்காரருக்கும் அனுப்பியிருந்தேன். அப்படிப்பட்ட முகத்தை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட போர்வையால் தைத்த ஆட்டுத் தோலுக்குள் மூடுவதா?

நேரே சலவைப் பகுதி வாசலுக்குப் போய் நின்றேன்.

“அண்ணை, என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்?”

“நல்லா நடக்கிறாள்.”

“நடக்கிறதுக்கோ நான் சனிக்கிழமை வேலையை மாத்தி அவளைக் கூட்டிக்கொண்டு வாறன்? செயலாளற்றை பெடியனுக்குத் தலை, எனக்கு வாலோ?”

“வால் உனக்கில்லை, தம்பி. அவளுக்கு.”

“பகிடி விடாதேங்கோ! முன்காலைக் குடுங்கோ!”

“உயரம் காணாது.”

“கவினை விட அவள் ஒரு சாண் உயரம்!”

“அப்ப உயரம் கூடிப்போச்சு” என்று சொல்லிவிட்டுத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் தரம் போனேன். முன்கால் எவனும் நடப்பான், கண் தெரியாமல் நடக்கிறவள்தான் கெட்டிக்காரி என்றார். மூன்றாம் தரம் கடையில் வைத்துப் பத்துப்பேர் முன்னால் ஏசினேன். விசரன் என்றேன். செயலாளருக்கு வால் பிடிக்கிற ஆள் என்றேன். அவர் ஒரு பை அரிசியை அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, முழுவதையும் கேட்டார். கடைசியில், “குரல் நல்லாயிருக்கு. விழாவிலை ‘பின்னாலை’ எண்டு கத்தேக்கை இதே மாதிரிக் கத்து” என்றார்.

வீட்டில் கயல் இரண்டு மாதம் குனிந்தபடியே நடந்தாள். குசினி அடுப்படியில் ஆடு, குளியலறை வாசலில் ஆடு.

விழா நாள் வந்தது. அந்த வருடம் சூரிச்சிலிருந்து பிரதம விருந்தினர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உரை எழுதிய தாள்களைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நான்கு மணிக்குத் தொடங்கினார். நான்கு இருபதுக்கு “முன்னுரையாக இரண்டு வார்த்தை சொன்னேன்” என்றார். நாடகத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் வேண்டும்.

நான் கோபம் தாங்காமல் மேடைக்குப் பக்கத்துக் கதவால் உள்ளே போனேன். பின்னாலை அண்ணை அத்தை வேடத்தில், ஆஸ்பத்திரித் திரைச்சீலையைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். பூசிய பவுடர் வேர்வையில் வழிந்தது. இரண்டு கையாலும் திரைக் கயிற்றைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

பிறகு தலையை நிமிர்த்தினார். “ஆடு, போ” என்றார்.

“அவர் இன்னும் பேசி முடிக்கேல்லை!” என்று ஆட்டின் தலைக்குள்ளிருந்து கவின் அழுதான். “அப்பா முன்னுக்கு இருக்கிறார். ஏசுவார். நான் போகமாட்டன்!”

முன்கால்கள் தரையில் ஊன்றி நின்றன. அப்போது பின்கால்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“தள்ளட்டோ அண்ணை?”

“தள்ளு பிள்ளை!”

பின்கால்கள் ஒரு தள்ளுத் தள்ளின. ஆடு பாய்ந்துபோய்ப் பிரதம விருந்தினருக்குப் பின்னால் நின்றது. வால் சுழன்றது. நான் பக்கக் கதவில் நின்று, என் வாழ்நாளில் கத்தாத கத்தல் கத்தினேன்.

“பின்னாலை!”

நான்கு வருடப் பழக்கம் அல்லவா? மண்டபமே எழுந்து கத்தியது. “பின்னாலை! பின்னாலை!” விருந்தினர் இது கரகோஷம் என்று நினைத்துக் கைகூப்பினார். இடப்பக்கம் திரும்பினார். ஆடு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் திரும்பினார். ஆடு இடப்பக்கம். பிறகு ஆடு அவருடைய பேச்சுத் தாளில் ஒன்றை வாயால் கவ்வியது. விருந்தினர் நல்ல மனிதர். ஆட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

நாடகம் தொடங்கியது. தீவுக்காரனாக வந்த பெரிய வகுப்புப் பிள்ளை மேசை போட்டு, முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கப்பல் உடைந்த துரை எதிரே நடுங்கிக்கொண்டு நின்றார்.

“எந்த வழியாலை வந்தனீர்?”

“கடலாலை ஐயா.”

“இடையிலை வேறை தீவிலை இறங்கினீரோ? இறங்கியிருந்தால் அங்கைதான் திருப்பி அனுப்புவம்.”

“கப்பல் உடைஞ்சு போச்சு ஐயா!”

“உடைஞ்சதுக்கு அத்தாட்சி?”

“ஈரத்தோடை நிக்கிறன், பாருங்கோ!”

“ஈரம் காயும். கடிதமாய்க் கொண்டுவாரும். இந்தாரும் படிவம்.”

பிள்ளைகளே, உங்கள் அப்பாமார் சிரித்த சிரிப்பை அன்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அகதியாக வந்து, அதே மாதிரி மேசைக்கு முன்னால் ஈரத்தோடு நின்றவர்கள் அவர்கள். தொடையில் தட்டிச் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

அப்போது சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ஐந்து மணி. அப்வார்ட் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சபை அவரைக் காட்டி “பின்னாலை!” என்று கத்தியது. அவர் திடுக்கிட்டுத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேசையும் முத்திரையும் நீட்டிய படிவமும் எந்த மொழியிலும் விளங்கும். அவர் வாய் சிரிப்பில் மெல்லக் கோணியது. ஐந்து விரலை உயர்த்தினார். ஐந்து நிமிடம்! அந்த மண்டபத்தில் அதற்கு முன் ஒருவருக்கும் அவர் ஒரு நிமிடம் கொடுத்ததில்லை.

ஆடு வந்து அந்தப் படிவத்தைத் தின்றது. துரை தலையில் கைவைத்து முட்டுக்காலில் விழுந்தார். கொட்டகையில் பூட்டன் திரையை இறக்கிய அதே இடம். தீவுக்காரன் எழுந்து வந்து, துரையின் முதுகைப் பார்த்தான். அதில் ஏறி உட்காரவில்லை. தன் கதிரையை இழுத்து அவருக்கு வைத்தான்.

“படிவத்தை ஆடு திண்டிட்டுது. இரும். சாப்பிட்டிட்டுக் கதைப்பம்.”

அதுதான் கடைசி வசனம். அண்ணை கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் அடங்கவில்லை. “இவ்வளவும் செய்தது நீ. வணங்கும்போது தலையைக் கழற்றிக் கைதட்டு வாங்கினவன் கவின். அந்த மனுசனை நாளைக்கு நான் விடமாட்டன்!”

கயல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, பின்கால் நான்தான் கேட்டு வாங்கினனான். போன வருசம் எல்லாரும் சிரிச்சவை. நீங்கள் அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினனீங்கள். முகம் தெரியாத ஒண்டு தாங்கோ எண்டு கேட்டன். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ எண்டும் கேட்டன்.”

மூன்று தரம். பத்துப்பேர் முன்னால். அரிசிப் பையை அணைத்தபடி அவர் அந்த இரகசியத்தைக் காத்திருக்கிறார்.

அடுத்த நாள் அவர் வீட்டு மணியை அடித்தேன். படி ஏறும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்தார். காதோரத்தில் இன்னும் அத்தையின் பவுடர்.

“அண்ணை, நான்...”

“இரு தம்பி” என்று கதிரையை இழுத்தார். “சாப்பிட்டிட்டுக் கதைப்பம்.”

சாப்பிட்டோம். அதைப்பற்றி இன்றுவரை கதைக்கவில்லை.

இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஜெனீவாவில் மகளோடு இருக்கிறார். அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு என்னத்தைக் கத்தப் பழக்குகிறாரோ தெரியாது. இந்த வருட விழாவிலும் பேச்சு நீண்டது. நான் முன்வரிசையில் இருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஆனாலும் மூன்று தரம் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.