கிரேடு கண்டுபிடித்த இரண்டு மேடுகள்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் பூமி எங்கே கொஞ்சம் புடைத்திருந்தாலும், தன் சொந்த வயிறு புடைத்ததைப் போன்ற கவலையோடு அதைத் தடவிப் பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனி கிரேடு.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பதனிட்ட ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. வடக்கு ஜன்னல் ஓரம் நிற்பார். வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாதாம். தோலை விரித்து வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். "ஃபர்ஸ்ட். செகண்ட். தேர்ட். ரிஜக்ட்." முள் கீறல், அம்மை வடு, உரிக்கும்போது உள்பக்கம் பட்ட கத்தி என்று கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும்.

அந்த விரல் வேலை நேரம் முடிந்த பிறகும் ஓயவில்லை என்பதுதான் சிக்கல். பிரியாணிக் கடையில் முதல் கவளத்தோடு அறிவிப்பார்: "பாய், இன்னிக்கு தம் கம்மி. செகண்டு."

"தோஸ்த், துன்னுட்டுப் போ. கல்லா பக்கத்துல நின்னுக்கினு கிரேடு போடாதே" என்று பாய் கும்பிடுவார்.

மகளைப் பெண் பார்க்க ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே மாப்பிள்ளை வந்தபோது, "தம்பி, கொஞ்சம் வடக்கு ஜன்னல் பக்கமா வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு தடவு. கூடம் நிறைய உறவினர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "செகண்டு. வெயில்ல காஞ்ச தோலு. உழைக்கும்" என்றார். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இன்றுவரை ஃபர்ஸ்ட் கிடைக்காத வருத்தம் உண்டு.

நான் அந்த ஷூ கம்பெனியில் ஆபீஸ் மேனேஜர். "நான் எந்த கிரேடு?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "நீங்க இன்னும் காயல சார்" என்பார். ஈரத் தோலுக்குத் தரம் போடக்கூடாது என்பது தொழில் தர்மம்.

ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போனவர், பந்திக்கு நேரம் இருக்கிறதே என்று மியூசியத்துக்குள் நுழைந்தார். கண்ணாடிப் பெட்டியில் வழவழப்பான ஒரு கல். பக்கத்தில் 'கற்கோடரி' என்று சீட்டு. இரும்பு வருவதற்கு முந்தைய மனிதன் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. கிரேடு காவலாளியைக் கூப்பிட்டார். "இன்னாங்க இது? எங்க ஊர்ப் பக்கம் இதுக்குக் குங்குமம் வெச்சிக் கும்பிடறாங்க, நீங்க பூட்டு போட்டு வெச்சிருக்கீங்க!"

அன்று பந்தியை மறந்தவர்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மண்மேடுகளுக்குப் போயின. மனிதர்கள் ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தால் சுவர் இடியும், சாம்பல் சேரும், பானை உடையும், தரை உயரும். மேடு என்பது மேடல்ல, மடித்து அடுக்கி வைத்த ஊர். இதை அவர் சொன்ன விதம் இன்னும் எளிமையானது: "தோலு அடுக்கி வெச்ச மாதிரி சார். அடில இருக்கறதுதான் பழைய லாட்டு."

முதல் கண்டுபிடிப்பு பாலாற்றங்கரை ஓரம். கருஞ்சிவப்பாக ஒரு மேடு. குச்சியால் குத்தினால் சாம்பல் நிறம், நடுவே வெள்ளை வரி, ஒரு ஆட்டுக் கொம்பு, கொஞ்சம் ரோமம். எங்களில் பத்துப் பேரை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அழைத்துக்கொண்டு போனார். மேட்டின் மேல் மல்லாந்து படுத்தார், புரண்டார், காதை வைத்துக் கேட்டார். "நாலாயிரம் வருஷம். ஆட்டுப்பட்டி வெச்சிருந்தவங்க. எருவைக் கொளுத்திக் கொளுத்திச் சேர்ந்த சாம்பல்."

நாங்கள் கைதட்டவிருந்த நேரத்தில் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"இன்னாப்பா, சக்கை மேல படுத்துக்கினு இன்னா பண்றே?"

"பெரியவரே, இது ஆதி மனுசன் மேடு."

"ஆதி மனுசன் நான்தான். எங்க ஷெட்டு ஆவாரம்பட்டைச் சக்கை இது. தோல் ஊறவெச்ச பட்டையும் சுண்ணாம்பும் கூடை கூடையா நான்தான் கொட்டினேன்."

"எப்போ?"

"கண்ணாலத்துக்கு முன்னாடி."

"யாரு கண்ணாலத்துக்கு?"

"என் கண்ணாலத்துக்குத்தான்! நாப்பது வருஷம் இருக்கும்."

கிரேடு எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "நாப்பது. ரெண்டு சைபர் ஜாஸ்தி ஆய்டுச்சு சார்" என்றார் என்னிடம். முப்பது வருடம் தோல் ஷெட்டில் மூச்சு விட்ட மூக்கு அது. பட்டைச் சக்கையின் வாடை அதற்கு வாடையாகவே படவில்லை. வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. படுத்ததை நடித்துக் காட்டுவேன். பெரியவர் குரல் எனக்கு நன்றாக வரும். சொல்லச் சொல்ல கதை மெருகேறியது.

இரண்டாவது மேடு மாதனூரைத் தாண்டி எங்கள் புது யூனிட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆடுகள் படுப்பதால் ஆட்டுமேடு. உச்சியில் ஒரு வேப்பமரம், அடியில் வரிசையாக ஏழு வழவழப்பான கற்கள், மஞ்சள் குங்குமத்தோடு. விளக்கு வைப்பவள் முனியம்மா. கிரேடு குனிந்து கற்களைத் தடவ, அவள் துடைப்பத்தோடு வந்தாள்.

"யோவ், சாமியப் போயி தடவிக்கினு இருக்கியே, இன்னா பேஜாரு உனக்கு?"

"யக்கா, எல்லாமே ஃபர்ஸ்ட் கிரேடு யக்கா!"

"சாமிக்கே கிரேடா? வாய் வெந்துடும் உனக்கு!"

இந்தமுறை என்னைத் தனியாகத்தான் அழைத்துப் போனார். சரிவில் மழைநீர் அறுத்த இடத்தில் வெளிப்புறம் சிவப்பும் உட்புறம் கறுப்புமாகப் பானைத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில் கிடந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். விளிம்பு தீட்டியது. உள்ளங்கையில் அது உட்கார்ந்த விதத்தில், எதை வெட்டுவது என்று கை தானாகவே தேடியது. நான் நம்பிவிட்டேன். படித்தவன் நானே நம்பிவிட்டதாகச் சொன்னதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போது கம்பெனி பஸ்கள் நிற்கும் தாழ்வான இடத்தை மேடாக்க மண் தேவைப்பட்டது. காண்டிராக்டர் கை காட்டியது ஆட்டுமேட்டை. கிரேடு என் மேசைக்கு ஓடி வந்தார். "சார், ஒரு மனு எழுதுங்க. ஃபர்ஸ்ட் கிரேடு மேடுன்னு போடுங்க." 'தொன்மை வாய்ந்தது, அகழ்ந்து ஆராயும் வரை தொடலாகாது' என்று நான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் அந்த மனுவோடு கம்பெனிக்கே வந்தார். முதலாளி அறையில் முதலாளி, காண்டிராக்டர், நான். கிரேடு அன்று லீவு. மகள் பிரசவத்துக்கு ஜோலார்பேட்டை போயிருந்தார்.

"இதுல இருக்கறது நெசமா சார்? உங்களுக்கு இவரைத் தெரியுமாமே?" என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். மனுவை எழுதியவன் நான் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் நான் சொன்னது வேறு. "தெரியுமாவா? ஏற்கெனவே ஒரு மேடு கண்டுபிடிச்சாரே!" என்று ஆரம்பித்து, மேசை ஓரத்தில் சாய்ந்து படுத்தும் காட்டினேன். 'கண்ணாலத்துக்கு முன்னாடி' என்ற இடத்தில் வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். என் வாழ்நாளில் அந்தக் கதைக்கு அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. அதன் பிறகு நான் அதைச் சொல்லவில்லை.

நான் ஏமாந்து சொல்லவில்லை. அந்த மேடு உண்மை என்று தெரிந்தே சொன்னேன். கிரேடின் கூட்டாளி என்று முதலாளி என்னையும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். வேறு காரணம் இருந்ததாக இத்தனை வருடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜேசிபி மூன்று நாளில் முடித்தது. வேப்பமரத்தை மட்டும் டிரைவர் தொடவில்லை. சாமிக் கல்லைப் பார்த்ததும் கற்பூரம் கொளுத்திவிட்டு, சுற்றி ஒரு வட்டம் விட்டு வெட்டினான். என் நல்ல தமிழால் முடியாததை முனியம்மாவின் குங்குமம் செய்தது. தட்டு மேல் வைத்த கிண்ணம் போல மரத்தடி மண் மட்டும் ஆள் உயரம் நின்றது. வெட்டிய பக்கத்தில் சிவப்பு, சாம்பல், கறுப்பு என்று அடுக்குகள் தெரிந்தன.

கிரேடு திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ் நின்றதே மேட்டின் மேல்தான், பரப்பிவிட்ட மேடு. கீழே பார்த்தார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், சட்டைப்பை நிரம்பியது. பின்னால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். என் அறைக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"சார், இனிமே பஸ் கிரவுண்டுல செருப்பு போட்டுக்கினு நடக்கக்கூடாது" என்றார்.

அன்று முதல் ரிடையர் ஆகும்வரை, ஷூ தைக்கும் கம்பெனிக்குள் செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வந்த ஒரே தொழிலாளி அவர்தான். ஷூ வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் பார்த்துவிட்டு, இவருக்கு மட்டும் ஏன் செருப்பு கொடுக்கவில்லை என்று விசாரித்தார். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அவர் ரிடையர் ஆன நாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி அறை, சிரிப்பு, மேசையில் படுத்தது.

"தெரியும் சார். டீ குடுக்க வந்த ஆள் அந்த வாரமே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அப்புறம் ரிஜக்ட்டுல போட வேண்டி வந்துடும்."

அவர் என் தோளைப் பிடித்து வடக்குப் பார்க்கத் திருப்பினார். முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் ஒரு தடவு தடவியது.

"இப்போ காஞ்சிருக்கு. செகண்டு சார். உள்பக்கம் கத்தி பட்டிருக்கு, ஆனா அறுக்கல. உழைக்கும்."

இப்போது அவர் ஜோலார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, பயணம் முடியாது. இந்தப் பக்கம் மழை என்று செல்போனில் பார்த்தால் உடனே கூப்பிடுவார். "சார், பெய்ஞ்சி வுட்டுதா? மண்ணு கரைஞ்சிருக்கும், போய்ப் பாருங்க." நானும் ரிடையர் ஆனவன்தான். குடையும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன். கம்பெனி கேட்டில் செருப்பைக் கழற்றும்போதே வாட்ச்மேன் உள்ளே குரல் கொடுக்கிறார்: "பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுப்பா, சின்ன கிரேடு வந்துட்டாரு."

நான் திரும்பிப் பார்க்கிறேன்.